ரயில்வேக்காரரின் மனைவிக்கும் கணவருக்கும் சேர வேண்டியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு அம்மாவுக்காக, ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீஸுக்கும் பேங்குக்கும் நடையாய் நடந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை வைத்து, பிறகு எங்கள் தெருவில் இருந்த மற்ற அம்மாக்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் பெரும்பாலானவை 2004 ஜனவரி 1-க்கு முன் வேலையில் சேர்ந்து, பழைய ஓய்வூதிய விதிகளின் கீழ் வருபவர்களுக்கானது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

குடும்ப ஓய்வூதியம் என்றால் என்ன? மனைவிக்கு மட்டும்தானா?

ரயில்வே ஊழியரோ ஓய்வூதியரோ இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு மாதாமாதம் வருவது குடும்ப ஓய்வூதியம். 1964-இல் வந்த திட்டம், இப்போது 1993-ஆம் ஆண்டு ரயில்வே ஓய்வூதிய விதிகளுக்குள் இருக்கிறது. முதல் உரிமை மனைவிக்கு, ஊழியர் பெண்ணாக இருந்தால் கணவருக்கு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனைவி ரயில்வேயில் நர்ஸாகவோ கிளார்க்காகவோ இருந்து இறந்துபோனால், "ஆம்பளைக்கு எங்கே பென்ஷன் தரப்போறான்" என்று விண்ணப்பமே போடாமல் விட்ட கணவர்கள் உண்டு. விதியில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. கீழே "மனைவி" என்று எழுதும் இடங்களில் எல்லாம் கணவரையும் சேர்த்தே படியுங்கள்.

எவ்வளவு வரும்?

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். இது சாதாரண விகிதம், மனைவி இருக்கும் வரைக்கும் வரும். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, எவ்வளவு குறைந்த சம்பளத்தில் இருந்தவராக இருந்தாலும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாது. இதன் மேல் அகவிலை நிவாரணம், அதாவது நாம் டி.ஏ. என்று சொல்வது, தனியாகச் சேரும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரிக்கும் ஜூலைக்கும், அது மாறும். 2025 ஜூலையிலிருந்து 58 சதவீதமாக இருந்தது.

இதற்கு மேல் "கூடுதல் விகிதம்" என்று ஒன்று உண்டு, அது 50 சதவீதம். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பணியில் இருக்கும்போதே இறந்தால் 10 ஆண்டுகள். ஓய்வு பெற்ற பிறகு இறந்தால் 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இந்த இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. அந்தக் கெடு முடிந்ததும் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கடைசி அடிப்படைச் சம்பளம் 50,500 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண விகிதம் 15,150, கூடுதல் விகிதம் 25,250. 58 சதவீத டி.ஏ. சேர்த்தால் முதலாவது 23,937, இரண்டாவது 39,895. அவர் 60-இல் ஓய்வு பெற்று 62-இல் இறந்தால் மனைவிக்கு 39,895 கணக்கில் வரும், ஆனால் 5 ஆண்டுதான், ஏனென்றால் அவருக்கு 67 ஆகும் நாள் அதற்குள் வந்துவிடும். 70 வயதில் இறந்திருந்தால் முதல் நாளிலிருந்தே 30 சதவீதம்தான்.

கூடுதல் விகிதம் எந்தத் தேதியோடு முடிகிறது என்பது பிபிஓவிலேயே, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையிலேயே, அச்சாகி இருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் திடீரென்று 16,000 ரூபாய் குறைந்து வந்ததும் பேங்கில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதறிப்போய் வந்தவர்கள் பலர். அதைவிட மோசமான நிலைமை, பேங்க் கவனிக்காமல் தேதி தாண்டியும் கூடுதல் விகிதத்தையே போட்டுக்கொண்டு இருப்பது. மூன்று நான்கு வருடம் கழித்துக் கண்டுபிடித்து, லட்சக்கணக்கில் பிடித்தம் செய்ய ஆரம்பிப்பார்கள். அந்த வயதில் அதைத் தாங்க முடியாது. தேதி தாண்டியும் தொகை குறையவில்லை என்றால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அவர் கமியூட்டேஷன் வாங்கியிருந்தார். குடும்ப ஓய்வூதியத்தில் அதைப் பிடிப்பார்களா?

பிடிக்க மாட்டார்கள். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்களே, அந்தக் கழிவு அவரோடு முடிந்தது. குடும்ப ஓய்வூதியம் முழுத்தொகையாக வரும். அதனால்தான் சில வீடுகளில் கணவர் வாங்கியதைவிட மனைவிக்கு அதிகமாக வருகிறது. மேலே சொன்ன கணக்கிலேயே, அவருக்கு 25,250-இல் 10,100 கழிந்து 15,150-ம், முழு 25,250-க்கான டி.ஏ.-வும் வந்திருக்கும். மனைவிக்குக் கூடுதல் விகிதக் காலத்தில் 25,250 முழுதாகவே வரும். தப்பாக வந்துவிட்டதோ என்று பயந்து எடுக்காமல் வைத்திருந்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும், மூன்று மாதப் பணம் அப்படியே கணக்கில் கிடந்தது.

வீட்டுக்காரர் லோகோ பைலட். அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கா?

இல்லை. ஓடும் பணியில் இருப்பவர்களுக்கு, அதாவது லோகோ பைலட், கார்டு என்று நாம் சொல்லும் ரயில் மேலாளர் ஆகியோருக்கு, ஓய்வுக்காலப் பலன்கள் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தோடு அதில் 55 சதவீதம் சேர்த்துத்தான் எடுப்பார்கள். அடிப்படை 60,000 என்றால் 93,000-தான் கணக்குக்கு ஆதாரம். குடும்ப ஓய்வூதியமும் அதிலிருந்துதான். கைக்கு வரும் தாளில் இந்த 55 சதவீதம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிபிஓ பிபிஓ என்கிறார்களே, அதில் என்ன பார்க்க வேண்டும்?

பென்ஷன் வழங்கும் ஆணைதான் பிபிஓ. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு பதிலைப் படியுங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே படித்து, இருவரும் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

முதலில் பெயர். நம் ஊரில் பெண்ணின் இனிஷியல் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரில், பின் கணவர் பெயரில். பள்ளிச் சான்றிதழில் "கே. மகாலட்சுமி", ரேஷன் கார்டில் "லட்சுமி", ஆதாரில் "மகாலட்சுமி எஸ்", பிபிஓவில் "எஸ். லெட்சுமி". நமக்கு நான்கும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். அவர் உயிரோடு இருந்தால் ஒரு கடிதத்தில் முடிகிற வேலை, இறந்த பிறகு நோட்டரி, தாசில்தார், இரண்டு சாட்சி என்று இழுக்கும்.

அடுத்தது பிறந்த தேதி. என் அம்மா விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் பிபிஓ பழைய காலத்து மஞ்சள் தாள், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, செலோ டேப் ஒட்டியது. மனைவி என்ற இடத்தில் அம்மா பெயர் இருந்தது, பக்கத்தில் பிறந்த தேதிக்கான கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு 80 வயது முடிந்து பதினான்கு மாதம் ஆகியும் வயதுக்கான கூடுதல் தொகை வரவில்லை. பேங்கில் கேட்டால், எங்கள் பதிவில் தேதி இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். ஆதார், பான், வாக்காளர் அட்டை நகல்களை வைத்துப் பர்சனல் ஆபீஸுக்கு மனுப்போட்டு, திருத்திய பிபிஓ வந்து, நிலுவையோடு பணம் கணக்கில் ஏற ஏழு மாதம் ஆனது. அந்தக் கோடு போட்ட நாளில் யாராவது பார்த்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

மூன்றாவது, மனநலக் குறைவோ உடல் ஊனமோ உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயரும் பிபிஓவில் ஏறியிருக்க வேண்டும். பெற்றோர் இருவரும் இருக்கும்போதே மருத்துவச் சான்றிதழோடு கேட்டுச் சேர்க்கலாம். சம்பாதித்துப் பிழைக்க முடியாத நிலையில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அம்மாவுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்றான பிறகு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது யார்?

80 வயதுக்கு மேல் கூடுதலாக வருமாமே?

வரும். 80 முடிந்ததும் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100 வயதில் இன்னொரு மடங்கு. வயது முடியும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு. இதில் மனைவியின் வயதுதான் பார்க்கப்படும், இறந்தவரின் வயது அல்ல.

அவர் இறந்துவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வூதியராக இருந்தவர் என்றால், முதலில் பேங்குக்குத் தகவல். துக்கத்தில் இது தோன்றாது, பிள்ளைகள் யாராவது செய்ய வேண்டும். அவருடைய ஓய்வூதியம் இறந்த நாளோடு முடிகிறது, குடும்ப ஓய்வூதியம் மறுநாளிலிருந்து ஆரம்பம். சொல்லாமல் விட்டால் அவர் பெயரிலேயே ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும், அதை ஏடிஎம்மில் எடுத்துச் செலவும் செய்துவிட்டால் பின்னால் திருப்பிப் பிடிப்பார்கள்.

அவரும் நீங்களும் கூட்டுக் கணக்கு வைத்திருந்து, அதிலேயே ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால் வேலை சுலபம். புதுக் கணக்கு திறக்கச் சொல்லக் கூடாது, அதே கணக்கில் தொடரலாம். இறப்புச் சான்றிதழ், பிபிஓ, உங்கள் வயதுக்கும் அடையாளத்துக்கும் ஆதாரம், ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். தனிக் கணக்கு என்றால் உங்கள் பெயரில் கணக்கும் கூடுதல் படிவங்களும் தேவைப்படும். அதனால் இன்னும் தனிக் கணக்கில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் அடுத்த வாரமே போய் மனைவி பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இறப்புச் சான்றிதழ் நகல் பத்தாவது எடுத்து வையுங்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

வாரிசுச் சான்றிதழ் வேண்டுமா?

பிபிஓவில் மனைவி பெயர் தெளிவாக இருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு வாரிசுச் சான்றிதழ் தேவையே இல்லை. கேட்டால், எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். பணியில் இருக்கும்போது இறந்து, பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு நாமினேஷன் இல்லாமல் போனாலோ தகராறு இருந்தாலோதான் அது பெரிதாகத் தேவைப்படும். எப்படியும் வீடு, நிலம் என்று வேறு வேலைக்கு உதவும், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைப்பது நல்லது.

பணியில் இருக்கும்போதே இறந்தால் வேறு என்னென்ன வரும்?

நிறைய உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு மேசையிலிருந்து வரும், அதனால் ஒன்று இரண்டு விட்டுப்போக வாய்ப்பு அதிகம். டிவிஷனில் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருப்பார். வீடு தேடி வந்து காகிதங்களை வாங்கி செட்டில்மென்ட் பிரிவில் சேர்ப்பது அவருடைய வேலை. காரியச் செலவுக்கு உடனடியாக ஒரு சிறு தொகை ஊழியர் நல நிதியிலிருந்து கிடைக்கும், அதையும் அவரிடமே கேட்கலாம்.

பெரிய தொகை இறப்பு கிராஜுவிட்டி. பணிக்காலம் ஓராண்டுக்குக் கீழ் என்றால் மாதச் சம்பளத்தைப் போல் 2 மடங்கு, ஒன்றிலிருந்து ஐந்தாண்டுக்குள் 6 மடங்கு, ஐந்திலிருந்து பதினொன்றுக்குள் 12, பதினொன்றிலிருந்து இருபதுக்குள் 20 மடங்கு. 20 ஆண்டுக்கு மேல் என்றால் முடிந்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அரை மாதச் சம்பளம், 33 மடங்கு வரை. இங்கே சம்பளம் என்றால் அடிப்படையும் டி.ஏ.-வும் சேர்ந்தது. 50,500 அடிப்படை, 58 சதவீத டி.ஏ., 22 ஆண்டுப் பணி என்றால் 79,790-ஐ 22-ஆல் பெருக்குங்கள், 17,55,380 ரூபாய். உச்சவரம்பு 2024 ஜனவரியிலிருந்து 25 லட்சம்.

அதன் பிறகு பி.எஃப். நிலுவை, கணக்கில் மிச்சமிருக்கும் எல்.ஏ.பி. என்ற சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு 300 நாள் வரை பணம், குழுக் காப்பீடு. குழுக் காப்பீடு குரூப் சி ஊழியருக்கு 30,000-தான், ஆனாலும் அதோடு சேமிப்புப் பங்கு ஒன்று இருக்கும், விடாதீர்கள். சம்பளம் எந்த பேங்க் கணக்கில் வந்ததோ அந்தக் கணக்கோடு விபத்துக் காப்பீடு ஒட்டியிருக்கலாம். அதை ரயில்வே சொல்லாது, பேங்கும் தானாகச் சொல்லாது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

குவார்ட்டர்ஸில் இருந்தால் உடனே காலி செய்யச் சொல்லி யாரும் விரட்ட முடியாது. பணியில் இறந்தவரின் குடும்பம் சாதாரண வாடகையில் 24 மாதம் வரை இருக்கலாம். அதற்கு அனுமதி எழுதி வாங்க வேண்டும், வாய்வார்த்தையை நம்பி இருந்துவிட்டு, பின்னால் அபராத வாடகையை கிராஜுவிட்டியில் பிடித்த கதைகள் உண்டு.

லைனில் வேலை செய்யும்போது அடிபட்டு இறந்தார். வேறுபாடு உண்டா?

மிகப் பெரிய வேறுபாடு உண்டு. கேங்மேன், கீமேன், பாயின்ட்ஸ்மேன் வீடுகளுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வளைவில் ட்ராக் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப் பாதையில் வண்டி வரும், இந்தப் பாதையிலும் வண்டி வரும், ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மூடிவிடும். அப்படிப் போனவர்களின் மனைவிகள் முப்பது வயதில் கைக்குழந்தையோடு செட்டில்மென்ட் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணியின் காரணமாக நேர்ந்த மரணம் என்று ஏற்கப்பட்டால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அல்ல, சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், குறைந்தது 18,000 ரூபாய். பணியின்போது விபத்தில் இறந்ததற்கான கருணைத்தொகை 25 லட்சம் தனி. இவை எல்லாமே அந்த மரணம் பணியின்போது, பணியால் நேர்ந்தது என்பதற்கான காகிதத்தில்தான் நிற்கின்றன. விபத்து அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, அன்றைய வருகைப் பதிவு, இவற்றின் நகலை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். "தண்டவாளத்தைக் கடக்கும்போது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதை மாற்ற வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். யூனியன்காரர்களைக் கூடவே அழைத்துப் போங்கள், இந்த விஷயத்தில் அவர்கள் துணை உண்மையிலேயே உதவும்.

வேலை கிடைக்குமா? வேலை வாங்கினால் பென்ஷன் நின்றுவிடுமா?

கருணை அடிப்படையிலான வேலைக்கு மனைவி தானே விண்ணப்பிக்கலாம், அல்லது மகன், மகள் ஒருவர் பெயரைச் சொல்லலாம். அந்த முடிவு மனைவியின் கையில் இருக்கிறது, மாமனார் வீட்டார் கையில் இல்லை. வேலை வாங்கினாலும் குடும்ப ஓய்வூதியம் நிற்காது. மனைவிக்கு வருமானம் இருக்கிறதா இல்லையா என்பதே இங்கு கேள்வி அல்ல.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எனக்கே பென்ஷன் வருகிறது. அவருடையதும் வருமா?

வரும். உங்கள் சொந்த ஓய்வூதியம் ஒன்று, அவரால் வரும் குடும்ப ஓய்வூதியம் இன்னொன்று. இரண்டையும் வாங்கலாம்.

மறுமணம் செய்துகொண்டால்?

பொதுவாக மனைவிக்கு நின்றுவிடும், தகுதியுள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் போகும். குழந்தை இல்லாத மனைவி மறுமணம் செய்தாலும், அவருடைய மற்ற வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமும் டி.ஏ.-வும் சேர்ந்த அளவை எட்டாதவரை, தொடர்ந்து வாங்கலாம். இந்தச் சலுகை 2006 ஜனவரியிலிருந்து இருக்கிறது, ஆனால் பாதிப் பேருக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் "கல்யாணம் பண்ணினா பென்ஷன் போயிடும்" என்று சொல்லி வீட்டிலேயே உட்கார வைக்கிறார்கள். சொல்கிறவர்கள் விதியைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது மனைவி இருக்கிறார். என்ன ஆகும்?

அதிகம் அழுகையும் சண்டையும் நடப்பது இங்கேதான். முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது நடந்த இரண்டாவது திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அப்படிப்பட்ட இரண்டாவது மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது, அவர் எத்தனை வருடம் கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு, 25 வயது வரை, வழக்கமான நிபந்தனைகளோடு. முதல் மனைவி இறந்த பிறகோ சட்டப்படி விவாகரத்து ஆன பிறகோ நடந்த திருமணம் என்றால் இரண்டாவது மனைவிதான் மனைவி, ஓய்வு பெற்ற பிறகு நடந்த திருமணமாக இருந்தாலும்கூட. அதை உடனே அலுவலகத்துக்குத் தெரிவித்து பிபிஓவில் ஏற்ற வேண்டும். இஸ்லாமியர் போல, சட்டப்படியே ஒன்றுக்கு மேற்பட்ட மனைவி இருக்கும் இடத்தில் சமமாகப் பிரியும்.

பிரிந்து வாழ்ந்தேன், விவாகரத்து ஆகவில்லை என்றால் உரிமை போகாது. விவாகரத்து ஆகிவிட்டால் போய்விடும்.

அவர் உயில் எழுதித் தம்பிக்குப் பென்ஷன் என்று வைத்துவிட்டார்.

செல்லாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்து அல்ல, அதனால் அவர் யாருக்கும் எழுதி வைக்க முடியாது. 1991-இல் ஒரு ரயில்வே ஊழியர் குடும்பத்தின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேலையை விட்டு நீக்கப்பட்டவரின் மனைவிக்கு ஏதாவது உண்டா?

பணிநீக்கமோ ராஜினாமாவோ ஆனால் பொதுவாகக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. நீக்கப்பட்டவருக்குக் கருணைப்படி (கருணையின் பேரில் தரும் மாதத்தொகை) அனுமதித்திருந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டவர் என்றால் உரிமை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உத்தரவின் நகலில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

2004-க்குப் பிறகு சேர்ந்தவர். என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்). மனைவிக்கு என்ன?

பணியில் இருக்கும்போதே இறந்தால், பழைய விதிப்படியான குடும்ப ஓய்வூதியத்தைப் பெறும் வழி இருக்கிறது. ஊழியர் தன் விருப்பத்தைப் படிவத்தில் எழுதி வைக்கிறார், அதில் பழைய விதிப் பலன் என்று குறித்திருந்தால் மனைவிக்கு மேலே சொன்ன 50, 30 சதவீதக் கணக்கே வரும். அப்போது கணக்கில் சேர்ந்த அரசின் பங்கு அரசுக்குத் திரும்பும், ஊழியர் கட்டியதும் அதன் லாபமும் குடும்பத்துக்கு வரும். இளம் வயதுக் குடும்பங்களுக்குப் பழைய விதிதான் பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து, வாழ்நாள் முழுக்க டி.ஏ.-வோடு ஏறிக்கொண்டே போகும் தொகை அது. உங்கள் வீட்டுக்காரர் எதைக் குறித்திருக்கிறார் என்று இன்று இரவே கேளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு என்றால், சேர்ந்த பணத்தில் அவர் வாங்கும் ஆனுவிட்டி, அதாவது மாதாமாதம் வரும் ஓய்வூதியத் திட்டம், எந்த வகை என்பதைப் பொறுத்தது. மனைவிக்கும் தொடரும் வகையைத் தேர்ந்தெடுத்தாரா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியவர் என்றால், அவர் வாங்கியதில் 60 சதவீதம் மனைவிக்கு வரும். ஓய்வு பெற்ற நாளில் சட்டப்படி மனைவியாக இருந்தவருக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். பழைய விதியில் போல மகள், பெற்றோர் என்று அது கீழே இறங்காது.

பாஸ் உண்டா?

உண்டு, விடோ பாஸ் என்பார்கள். கணவருக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த பாஸில் பாதி எண்ணிக்கை. அவருக்கு ஆண்டுக்கு 2 செட் (ஒரு செட் என்றால் போக வர) என்றால் மனைவிக்கு 1 செட். அவருக்கே 1 செட்தான் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இப்போது எல்லாம் ஆன்லைனில், மொபைல் எண் பதிவாகி இருக்க வேண்டும். எண் மாறிப்போய் ஓடிபி பழைய எண்ணுக்குப் போகிறது என்று தினமும் யாராவது கேட்கிறார்கள், எனவே எண்ணை மாற்றாதீர்கள்.

ஆஸ்பத்திரி?

அவர் ஆர்.இ.எல்.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மனைவிக்கு அது தொடரும், பெரம்பூரோ பொன்மலையோ மதுரையோ வழக்கம்போல் போகலாம். உமீது கார்டில் (ரயில்வே மருத்துவ அட்டையில்) உங்கள் புகைப்படமும் பெயரும் தனியாக இருக்க வேண்டும். ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து 2.5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, வெளிநோயாளி சிகிச்சை அங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி கேட்கலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் போகிறவர்கள் இந்த ஆயிரத்துக்கு ஆசைப்பட வேண்டாம், மாத்திரைச் செலவு அதைத் தாண்டிவிடும்.

லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு நேரில் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினாலே போதும். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்து மெஷினில் விழாது, அம்மா பாத்திரம் தேய்த்தே தேய்ந்த கை, நான்கு விரலும் தோற்றது, முகம் ஒரே முறையில் ஏற்றுக்கொண்டது. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி வாசல் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தோம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தரும் வசதியும் இருக்கிறது. தவறவிட்டால் பணம் நிற்கும், ஆனால் உரிமை போகாது, கொடுத்ததும் நிலுவையோடு வரும்.

வருமான வரி?

குடும்ப ஓய்வூதியம் "பிற வருமானம்" என்ற தலைப்பில் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், எது குறைவோ அதைக் கழிக்கலாம், புதிய வரிமுறையில் இந்த 15,000 இப்போது 25,000.

அவர் காணாமல் போய்விட்டார். இறந்தார் என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம். போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யுங்கள், தேடிக் கிடைக்கவில்லை என்ற அறிக்கையை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து ஆறு மாதம் கழித்துக் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், அவர் திரும்பி வந்தால் பணத்தைச் சரிக்கட்டுவேன் என்று ஒரு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, எஃப்.ஐ.ஆர்.கூடப் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஏழு ஆண்டுக் கணக்கு இறப்பு கிராஜுவிட்டியின் மிச்சத்துக்குத்தான்.

எங்கும் பதில் இல்லை. யாரிடம் போவது?

முதலில் எழுத்தில் மனு, அவர் கடைசியாக வேலை பார்த்த டிவிஷனின் அல்லது ஒர்க்‌ஷாப்பின் பர்சனல் அதிகாரிக்கு. நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை அந்த நகலிலேயே பின் குத்தி வையுங்கள். மத்திய அரசின் ஓய்வூதியக் குறைதீர் இணையதளத்திலும் புகார் பதியலாம். ஆண்டுதோறும் டிசம்பரில் பென்ஷன் அதாலத் என்ற குறைதீர்க் கூட்டம் நடக்கும், அதற்கு மனுவை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அன்று நேரில் போய் நின்றால் எடுக்க மாட்டார்கள். அறிவிப்பு சில மாதம் முன்பே வந்துவிடும். போகும்போது பிபிஓ நகல் இரண்டு, பாஸ்புக்கில் கடைசி ஆறு மாதப் பக்கங்கள், பழைய மனுக்களின் சீல் வைத்த நகல்கள், இவற்றைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் அடுக்கிக் கொண்டு போங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள், அங்கேயே கையெழுத்துப் போடச் சொல்வார்கள், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.